என்ஜின் எப்போது சூடேறுகிறது? – கேள்வி பதில்

கேள்வி: நெரிசலில் நின்றால் வெப்பமுள் ஏறுகிறது, வண்டி வேகமெடுத்ததும் இறங்கிவிடுகிறது. ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். ஓடும் வண்டியின் ரேடியேட்டரை எதிர்க்காற்றே குளிர்வித்துவிடும்; நிற்கும்போது அந்தப் பொறுப்பு முழுவதும் மின்விசிறியைச் சேர்கிறது. ஆகவே முதலில் சந்தேகிக்க வேண்டியது விசிறியை. என்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சற்று நேரத்தில் விசிறி சுழல வேண்டும். சுழலாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் சோதிக்கலாம். ஏசிக்குச் சுழன்று சூட்டுக்கு மட்டும் சுழல மறுத்தால், குறை வெப்ப உணரியிலோ அதன் வயரிலோ இருக்கக்கூடும். என்ஜினை அணைத்த பின்னும் விசிறி திடீரெனச் சுழலலாம் என்பதால் கையை எட்டவே வைத்திருங்கள்.

கேள்வி: எனக்கு நேர்மாறு. நகருக்குள் தொல்லையில்லை, நெடுஞ்சாலையிலும் மேட்டிலும்தான் சூடேறுகிறது.

பதில்: அப்படியானால் விசிறியை விட்டுவிட்டு, கூலன்ட் (என்ஜினின் வெப்பத்தை ரேடியேட்டருக்குக் கொண்டுசெல்லும் திரவம்) ஓட்டத்தைப் பாருங்கள். ரேடியேட்டர் குழாய்களுக்குள் உப்புப் படிந்திருக்கலாம். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே, வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தூசியும் பூச்சியும் அடைத்திருக்கலாம். வாட்டர் பம்பின் இறக்கைகள் அரித்துப் போயிருக்கலாம். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் (சூடேறியதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறக்கவில்லை அல்லது ரேடியேட்டர் அடைத்துவிட்டது என்று கொள்ளலாம். என்ஜின் வேகத்தைக் கூட்டும்போது கீழ் ஹோஸ் உள்வாங்கிச் சப்பையாகிறதா என்பதையும் கவனியுங்கள். பலர் பார்க்கத் தவறுவது இதைத்தான்.

கேள்வி: தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிட்டால் சிக்கல் தீருமா?

பதில்: எனக்கு இதில் உடன்பாடில்லை. பெரும்பாலும் 82 முதல் 95 டிகிரி செல்சியஸுக்குள் திறக்கும்படி அமைக்கப்பட்ட அந்த வால்வு இல்லாவிட்டால் என்ஜின் உரிய வெப்பத்தை எட்டத் தாமதமாகும். எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் மிகும். ஐயமிருந்தால் கழற்றி, தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்கிப் பாருங்கள். அதன்மேல் பொறித்துள்ள வெப்பநிலையை ஒட்டித் திறக்கத் தொடங்கினால் அதன்மீது குற்றமில்லை.

கேள்வி: தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை, ஆனாலும் கூலன்ட் குறைகிறது.

பதில்: முதலில் ரேடியேட்டர் மூடியைச் சோதியுங்கள். 1 பார் அழுத்தத்தைத் தாங்கும் மூடி, தண்ணீரின் கொதிநிலையை 100 டிகிரியிலிருந்து ஏறத்தாழ 120 டிகிரிக்கு உயர்த்துகிறது. அதன் ரப்பர் தளர்ந்தால் கூலன்ட் முன்னதாகவே கொதித்து வெளியேறும். நான் இரண்டு தெர்மோஸ்டாட்டுகளை மாற்றிய பிறகே என் வண்டியின் மூடி கெட்டிருந்ததைக் கண்டுபிடித்தேன். அந்த மடத்தனத்தை நீங்களும் செய்ய வேண்டாம். அடுத்து, முன் இருக்கையின் காலடி விரிப்பு ஈரமாக இருந்தால் ஹீட்டரில் கசிவு இருக்கக்கூடும்.

இவையும் இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது என்ஜினின் மேற்பகுதியான ஹெட்டுக்கும் அதன் கீழ்ப்பகுதிக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகட்டை, பார்க்க வேண்டும். இரவெல்லாம் ஆறிய என்ஜினை இயக்கிய ஓரிரு நிமிடங்களிலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது, கூலன்டில் இடைவிடாமல் குமிழிகள் வருவது, சூடேறிய பின்னும் இனிப்பு வாடையுடன் வெண்புகை தொடர்வது ஆகியவை அதன் அடையாளங்கள். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் வண்டியை மேற்கொண்டு ஓட்டவே கூடாது. கூலன்டில் என்ஜினின் எரிபுகை கலந்தால் நிறம் மாறும் சோதனைத் திரவத்தைக் கொண்டு உறுதிசெய்துகொண்ட பிறகே ஹெட்டைக் கழற்ற ஒப்புக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெறும் தண்ணீர் போதாதா?

பதில்: வழியில் வேறு எதுவும் கிடைக்காதபோது போதும். நிரந்தரமாக ஊற்றினால் துருவும் உப்பும் சேரும்.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போதே முள் சிவப்பைத் தொட்டால்?

பதில்: ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு அளவில் வையுங்கள், ஹீட்டரும் ஒரு சிறு ரேடியேட்டர்தான். பாதுகாப்பான இடம் கிடைத்ததும் நிறுத்தி என்ஜினை அணையுங்கள். முள் திடீரென விழுந்தாலும் நம்பிவிடாதீர்கள். கூலன்ட் வற்றி உணரி வெறுங்காற்றில் நின்றாலும் முள் இறங்கும். மேல் ஹோஸ் கைபொறுக்கும் அளவுக்கு ஆறி, அமுக்கினால் மெத்தென்று இருக்கும்வரை மூடியைத் தொடாதீர்கள். இதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஆறாத என்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடக்கூடும்.