லா பாஸ் போகலாமா? முதல் இரண்டு நாளைத் தண்டம் அழத் தயார் என்றால் போகலாம்

"பெருவின் லிமாவில் இறங்கி, அங்கிருந்து பொலிவியாவின் லா பாஸ், பிறகு திரும்பப் பெருவில் குஸ்கோ, மச்சு பிச்சு. மொத்தம் 14 நாள், அதில் லா பாஸுக்கு 3 நாள். கூட 60 தாண்டிய அப்பா அம்மா. லா பாஸ் போவதில் நல்லது கெட்டது என்ன?" இதுதான் உங்கள் கேள்வி.

போகலாம். ஆனால் தயவுசெய்து இந்த வரிசையில் வேண்டாம். ஏன் என்பதற்கு நானே சாட்சி.

2023 ஜூனில் ஒன்பது நாள் அங்கே இருந்தேன். அப்போது எனக்கு வேலை பிரேசிலின் சாவ் பாவ்லோவில். சொந்த ஊர் கோயம்புத்தூர். வருஷம் தவறாமல் வெள்ளியங்கிரி ஏறுகிறவன். ஏழு மலை ஏறி இறங்கின காலுக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்ற திமிரோடுதான் கிளம்பினேன். வழியில் பொலிவியாவின் சான்டா குரூஸில் விமானம் மாறினோம். அது கடல் மட்டத்திலிருந்து வெறும் 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். அடுத்த ஒரு மணி நேரத்தில் லா பாஸின் எல் ஆல்டோ விமான நிலையம். அதன் உயரம் 4,061 மீட்டர். நம்ம தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். தொட்டபெட்டா உச்சியில் நின்று அண்ணாந்து பார்த்து, அதற்கும் மேல் 1,400 மீட்டரில் ஓடுபாதை போட்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது ஒன்றும் தெரியவில்லை. பெட்டியைத் தூக்கினேன், லேசாகக் கிறுகிறுத்தது, அவ்வளவுதான். டாக்சி பிடித்து நகரத்துக்கு இறங்கினோம். நகரத்தின் மையமே 3,640 மீட்டர். விடுதியில் அன்றைக்கென்று பார்த்து லிஃப்ட் ஓடவில்லை. மூன்று மாடி. இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். நெஞ்சு டமடமவென்று அடிக்கிறது. முன்னால் போன மனைவி திரும்பிப் பார்த்து, "ஏனுங்க, ஏழு மலை ஏறுன ஆளு ஏழு படி ஏற மாட்டேங்கறீங்க?" என்றாள். அவளுக்கு ஒன்றுமே இல்லை! உடற்பயிற்சிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது என்று பிறகுதான் படித்தேன். ஓடிப் பழகியவனுக்கும் வரும், ஒரு நாளும் ஓடாதவளுக்கு வராமலும் போகும்.

இந்த உயர நோய்க்கு அந்த ஊரில் சோரோச்சே என்று பெயர். காற்றில் ஆக்சிஜன் விகிதம் அங்கேயும் அதே 21 சதவீதம்தான். அழுத்தம் குறைவதால், ஒரு மூச்சில் உள்ளே போகிற அளவு கடலோரத்தில் கிடைப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்காகிவிடுகிறது. உடம்பு அதைப் புரிந்துகொண்டு சமாளிக்க இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். அதுவரை தலைவலி, குமட்டல், பசியின்மை. ராத்திரி தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்து, தண்ணீருக்குள் அமுக்கிய மாதிரி பதறி எழுந்தேன். மறுநாள் முழுக்கப் படுக்கை. விடுதியில் ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருந்தார்கள், பத்து நிமிஷத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். அந்த நிலைமையில் பேரம் பேசவா முடியும்?

கோக்கா இலை டீ எல்லா இடத்திலும் கிடைக்கும், பொலிவியாவில் அது சட்டப்படி சரி. குடித்தால் இதமாக இருக்கும், அதற்கு மேல் நான் உத்தரவாதம் தரமாட்டேன். ஆனால் அந்த டீப் பையில் ஒன்றைக்கூட ஞாபகார்த்தமாகப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலான நாடுகளில் அது போதைப்பொருள் கணக்கில் வரும். உயர நோய்க்கான அசிட்டசோலமைடு மாத்திரை பற்றி ஊரிலேயே உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அப்பா அம்மாவில் யாருக்காவது இதயக் கோளாறோ நுரையீரல் கோளாறோ இருந்தால், டாக்டர் சரி என்று சொல்லாமல் டிக்கெட்டே போடாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடாத இருமல் வந்தாலோ, பேச்சு குழறி நடை தள்ளாடினாலோ, அது சாதாரண சோரோச்சே இல்லை. உடனே ஆஸ்பத்திரி, உடனே கீழே இறங்க வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்கிற பேச்சே கூடாது.

சரி, இவ்வளவு பாடு படுத்துகிற ஊருக்கு ஏன் போகணும்?

மூன்றாம் நாள் எழுந்து ரோப் காரில் ஏறினேன். அதுதான் பதில். 2014-இல் முதல் தடம் திறந்தார்கள், இப்போது பத்துத் தடங்கள். நம் ஊரில் ரோப் கார் என்றால் பழனி மாதிரி மலைக்கோயில் சமாசாரம். அங்கே அதுதான் டவுன் பஸ். நான் போனபோது டிக்கெட் 3 பொலிவியானோ (அந்த நாட்டுக் காசு), நம் காசுக்கு 35 ரூபாய் வந்தது. சிவப்புத் தடத்தில் பழைய ரயில் நிலையத்தில் ஏறினால், நகரத்தின் பெரிய கல்லறைத் தோட்டத்துக்கு நேர் மேலே போகும். அங்கே புதைகுழி கிடையாது. அடுக்குமாடி வீடு மாதிரி வரிசை வரிசையாகப் பொந்துகள், ஒவ்வொன்றுக்கும் கண்ணாடிக் கதவு, உள்ளே பூ. அதைத் தாண்டி மலைச்சரிவில் பூசாத செங்கல் வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும். உச்சியில் எல் ஆல்டோ நகரம். அங்கே இருக்கும் ரோப் கார் நிலையத்துக்கு, அந்த ஊர்ப் பழங்குடிகளின் ஐமாரா மொழியில் வைத்த பெயருக்கு 'பெரிய சந்தை' என்று பொருள். வியாழன், ஞாயிறுகளில் அங்கே கூடுகிற சந்தையைப் பார்த்தால் பெயர் அடக்கமாக வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

பெட்டிக்குள் ஏறுகிற ஒவ்வொருவரும் உள்ளே இருப்பவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்கள். எதிரே ஓர் அம்மாள் உட்கார்ந்தார். கொசுவம் கொசுவமாய்ப் பாவாடை, இரட்டைப் பின்னல், தலையில் ஒரு பக்கமாய்ச் சாய்த்து வைத்த சின்ன வட்டத் தொப்பி, முதுகில் வண்ணத் துணி மூட்டை. உருளைக்கிழங்காக இருக்கும் என்று நினைத்தேன். மூட்டை கொட்டாவி விட்டது. குழந்தை!

நகரத்தின் அமைப்பையும் மேலிருந்து பார்த்தால்தான் பிடிபடும். லா பாஸ் ஒரு பெரிய கிண்ணம். கீழே போகப் போகக் குளிர் குறையும், மூச்சும் சீராகும். அதனால் பணக்காரர்கள் எல்லாம் தெற்கே பள்ளத்தில், ஏழைகள் விளிம்பில். மேட்டுக்குடி என்ற நம் சொல் அந்த ஊரில் செல்லாது, பள்ளக்குடி என்றுதான் சொல்ல வேண்டும். பச்சைத் தடத்தில் இறங்கும்போது இருபது நிமிஷத்தில் செங்கல் வீடு போய் நீச்சல் குளம் வைத்த பங்களா வந்துவிடும். பின்னால் 6,438 மீட்டர் இயிமானி சிகரம், பனி மூடி, சாயங்காலம் ரோஜா நிறத்தில் நிற்கும். இதற்காகவே இன்னொரு முறை அந்தத் தலைவலியைப் பட்டுக்கொள்வேன்.

பிறகு மூன்றாம் நாளே சோப்போகாச்சி பகுதியில் சமையலறையோடு ஒரு வீடு எடுத்தோம். ரசம் சாதம் சாப்பிட வேண்டும் என்று நாக்கு கேட்டது. சாதாரணப் பாத்திரத்தில் அரிசி போட்டோம். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, அரிசி வேகவே மாட்டேன் என்கிறது. முக்கால் மணி கழித்து எடுத்தால் மேலே குழைந்து நடுவில் நறுக்கென்று இருக்கிறது. அங்கே தண்ணீர் கொதிப்பதே 88 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான், பிறகு எப்படி வேகும்? வீட்டுக்காரப் பெரியம்மா எட்டிப் பார்த்து, வயிறு குலுங்கச் சிரித்து, மேலே போய்க் குக்கரைக் கொண்டுவந்து வைத்தார். குக்கர் இல்லாத வீடே அங்கு இல்லையாம். கூடவே அந்த ஊர்ச் சொலவடை ஒன்றையும் சொன்னார்: மெல்ல நட, கொஞ்சம் தின்னு, தனியாப் படு. கடைசிச் சொல்லுக்கு என் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார்.

வெளியே காற்றழுத்தம் குறைவல்லவா, ஊரிலிருந்து வந்த முறுக்குப் பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருந்தது. சன்ஸ்கிரீன் ட்யூபைத் திறந்ததும் பாதி சட்டையில். ஆனால் அந்த சன்ஸ்கிரீன் இல்லாமல் வெளியே போகாதீர்கள். குளிர் காற்று ஏமாற்றும், வெயில் தோலை உரித்துவிடும். ஜூனில் பகலில் ஸ்வெட்டரைக் கழற்றலாம், ராத்திரி பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். பல வீடுகளில் ஹீட்டர் கிடையாது.

சாப்பாடு. காலையில் சால்டென்யா, உள்ளே குழம்போடு இருக்கும் பெரிய சோமாஸ் மாதிரி. சட்டையில் சிந்தாமல் சாப்பிட்டால் நீங்கள் உள்ளூர்க்காரர். சைவம் என்றால் நிலக்கடலை சூப் (கறித் தண்ணீர் கலந்ததா என்று கேளுங்கள்), கினோவா என்ற தானியத்தில் சூப், ஊதா மக்காச்சோளத்தில் காய்ச்சிய அப்பி என்ற சூடான பானம். ராத்திரிப் பனியில் உறையவைத்து, மிதித்து, காயவைத்த உருளைக்கிழங்குக்குச் சுன்யோ என்று பெயர். அது எனக்கு ஒத்துவரவில்லை, ஈர மண் வாசனை. ஆனால் யாஹ்வா! கருப்பு விதை மிளகாயும் தக்காளியும் வைத்து, அம்மி போன்ற கல்லில் அரைத்த துவையல். தட்டில் எது இருந்தாலும் இது போதும்.

சூனியக்காரிகள் சந்தை என்று ஒன்று உண்டு, லாமா என்ற ஒட்டகச் சாதி விலங்கின் காய்ந்த கருவைத் தொங்கவிட்டு விற்பார்கள். வீடு கட்டும்போது கடைக்காலில் பூமித்தாய்க்குப் புதைக்கிற படையல். அப்பா அம்மாவுக்கு அருவருப்பாக இருக்கலாம். நாடாளுமன்றக் கட்டடத்தில் இடப்பக்கம் சுற்றுகிற கடிகாரம் நிச்சயம் பிடிக்கும். கால்பந்து பார்ப்பவர் என்றால் எர்னான்டோ சிலெஸ் மைதானத்தையும் எட்டிப் பாருங்கள். 2009-இல் மரடோனா பயிற்சி கொடுத்த, மெஸ்ஸி ஆடிய அர்ஜென்டினா அங்கேதான் 6-1 என்று உதை வாங்கியது. எனக்குப் படியேறினதற்கு அதுதான் ஆறுதல்.

கெட்டது இன்னும் பாக்கி. சாலை மறியல் அங்கே அன்றாட அரசியல். ஒரு நாள் மறித்தால் ஊருக்குள் வரவும் முடியாது, போகவும் முடியாது. அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாள் லா பாஸில் இருக்காதீர்கள். 2023-இல் டாலர் தட்டுப்பாடு தொடங்கியது, கையில் கசங்காத டாலர் நோட்டு இருந்தால் நல்லது. போலீஸ் என்று சொல்லிப் பையைச் சோதிக்க வருகிற சாதாரண உடைக்காரர்களிடம் எதையும் காட்டாதீர்கள். விசா விதி அடிக்கடி மாறுவதால் தூதரகத்திடமே கேளுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம் இருக்கட்டும். அந்த உயரத்தில் அதைப் பரப்பும் கொசு இல்லைதான், ஆனால் பொலிவியா போய்த் திரும்புகிறவர்களிடம் இந்திய விமான நிலையத்தில் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமையில் வைப்பார்கள்.

இப்போது உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். லிமா கடலோரம். அங்கிருந்து நேராக லா பாஸ் பறந்தால் என் கதைதான், அதுவும் அப்பா அம்மாவோடு. மூன்று நாளில் இரண்டு படுக்கையில் போய்விடும். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். லிமாவிலிருந்து குஸ்கோ போய், அங்கே தங்காமல் அன்றே ஒயாந்தாய்த்தாம்போ என்ற ஊருக்கு இறங்கிவிடுங்கள், அது 2,800 மீட்டர்தான். இரண்டு ராத்திரி கழித்து மச்சு பிச்சு, அது 2,430. பிறகு குஸ்கோ, 3,400. அங்கிருந்து பஸ்ஸில் பூனோ, டிட்டிகாகா ஏரிக்கரை, பொலிவியாவின் கோப்பகபானா. லா பாஸ் கடைசியில். வரும்போது உடம்பு பழகியிருக்கும், மூன்று நாளும் முழுசாகக் கையில் இருக்கும். லா பாஸிலிருந்து லிமாவுக்குப் பறந்து, அங்கே ஒரு நாள் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியில் இன்னொரு லாபமும் உண்டு. கோப்பகபானா தாண்டி திக்கினா என்ற இடத்தில் ஏரி குறுகும், பாலம் கிடையாது. எல்லோரையும் இறக்கிச் சின்னப் படகில் ஏற்றுவார்கள். நீங்கள் வந்த பஸ் தனியாக ஒரு மரத்தெப்பத்தில் ஆடி ஆடி வரும். பெட்டியெல்லாம் அதில்தான் இருக்கும். கைப்பையில் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு, கரையில் நின்று அம்மாவுக்கு அதைக் காட்டுங்கள்.