கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே எவ்வளவு கலவை?

கேள்வி: வீட்டு முன்புறம் 20 அடி நீளம், 2 அடி உயரத்தில் ஒன்பது இஞ்ச் தோட்டச் சுவர் கட்டப்போகிறோம். பூச்சு கிடையாது, செங்கல் தெரிய வேண்டும். முக்கால் இஞ்ச் கலவை வைத்தால்தான் பிடிமானம் என்கிறார் கொத்தனார். சரியா? எத்தனை கல் வாங்கலாம்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: முக்கால் இஞ்ச் வேண்டாம், 10 மி.மீ. போதும். கலவை கனமானால் கல் அதில் மிதக்கும். மேல் வரி ஏறும்போது ஒரு பக்கம் அமுங்கி நூல் மட்டம் கலையும். காயும்போது கலவை சுருங்கி, கல்லோரத்தில் மயிரிழை விரிசல் விடும். மழைநீர் உள்ளே போவது அந்த வழியாகத்தான். 6 மி.மீ.க்குக் கீழே போனாலும் ஆபத்து: மேடுபள்ளமான சூளைக்கல் ஒன்றையொன்று முட்டி ஆடும்.

கொத்தனார் கனமாகக் கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் கல்லாகத்தான் இருக்கும். கோணல் கல்லின் ஏற்றத்தாழ்வைக் கலவையில் மறைத்துவிடலாம் அல்லவா? பூச்சு உள்ள சுவரில் அது தெரியாது, உங்கள் சுவரில் தெரியும். ஆகவே கோணல் கற்களைப் பொறுக்கி ஒதுக்கிவிட்டு, 20 கல்லை வரிசையாக அடுக்கி மொத்த நீளத்தை அளந்து 20ஆல் வகுங்கள். அகலம், உயரத்துக்கும் அப்படியே. கடைக்காரர் சொல்லும் அளவை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

230×110×75 மி.மீ. வந்ததாக வைத்துக்கொள்வோம். இரண்டு அகலமும் நடுவே 10 மி.மீ. கலவைச் சந்தும் சேர்ந்தால் ஒரு நீளம், அதாவது 230. ஒன்பது இஞ்ச் சுவர் கட்டு நிற்பது இந்தப் பொருத்தத்தில்தான். 215×105 கல்லில் 5 மி.மீ. உதைக்கும், அப்போது தெருப் பக்க முகத்தை மட்டும் நூலுக்குப் பிடித்து, வித்தியாசத்தைத் தோட்டப் பக்கம் தள்ளிவிடுங்கள்.

நீளத்தை 20 அடி என்று பிடிவாதமாக வைத்தால் ஓரத்தில் துண்டுக்கல் வரும். 4 இஞ்ச் குறைத்து 5.99 மீட்டர் ஆக்கினால் நெடுக்குக்கல் வரியில் (கல்லின் நீளம் சுவரோடு ஓடும் வரி) முழுசாக 25 கல், இரண்டு பக்கமும் சேர்த்து 50. குறுக்குக்கல் வரியில் (கல் சுவருக்குக் குறுக்கே படுக்கும் வரி) 49 கல். இரண்டு முனையிலும் முதல் கல்லை அடுத்து, நீளவாக்கில் பிளந்த 50 மி.மீ. துண்டு ஒன்று வைக்க வேண்டும். இந்தத் துண்டை விட்டால் மேல் சந்தும் கீழ்ச் சந்தும் நேருக்கு நேர் நின்று, சுவர் அந்தக் கோட்டில் பிளக்கும். துண்டை மூலையிலேயே வைப்பதும் தப்பு, சீக்கிரம் பெயர்ந்துவிடும்.

ஒரு வரிக்கு 85 மி.மீ. உயரம், 7 வரி 595 மி.மீ., ஏறக்குறைய 2 அடி. அடி வரியும் மேல் வரியும் குறுக்குக்கல்லாக வரட்டும். ரீப்பர் கட்டை ஒன்றில் 85 மி.மீ.க்கு ஒரு கோடு போட்டு, இரு முனையிலும் வைத்துப் பார்த்து நூலை ஏற்றுங்கள். முதல் வரியைக் கலவை இல்லாமல் அடுக்கிப் பார்த்துவிட்டால் தவறு அங்கேயே தெரியும்.

குறுக்குக்கல் வரியில் இரண்டு துண்டுக்கும் பிளக்கும் ஒரு கல்லைச் சேர்த்தால் அதுவும் 50, ஆக வரிக்கு 50 வீதம் 350 கல். உடைசலுக்குச் சேர்த்து 370 வாங்குங்கள். 1:6 கலவைக்கு (ஒரு பங்கு சிமென்ட், ஆறு பங்கு மணல்) சிமென்ட் ஒரு மூட்டை, மணல் ஏழரை கன அடி. அஸ்திவாரம் தனிக்கணக்கு.

கேள்வி: எங்கள் தோட்டச் சுவரில் செங்குத்தாக நிற்கும் சந்துகள் உள்ளே காலியாக இருக்கின்றன. குச்சி விட்டால் போகிறது. ஏன்?
- வாசகர், தேனி

பதில்: கல்லை வைத்த பிறகு மேலிருந்து கரண்டியால் கலவையைத் தள்ளியிருப்பார்கள். அது பாதி ஆழத்துக்கு மேல் இறங்காது. பக்கத்துக் கல்லைத் தொடும் முகத்தில் கலவையைப் பூசிவிட்டுத்தான் கல்லை அதோடு அழுத்தி வைக்க வேண்டும். நனைக்காத கல்லும் காரணமாகலாம். கலவையின் நீரை அது உறிஞ்சிவிட்டால் சிமென்ட் இறுகாமல் மணலாக உதிரும். கட்டுமுன் கல்லைத் தொட்டியில் ஊறப்போட்டு, மேல் ஈரம் வடிந்த பிறகு எடுப்பது முறை.

இப்போதைக்கு சந்தை 15 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டி, தூசியைத் தட்டி, நனைத்து, 1:3 கலவையை இறுக்கி அடைத்து பாயின்டிங் செய்யுங்கள். ஒரு வாரம் ஈரம் காயவிடாதீர்கள்.

கேள்வி: சுவரின் ஒரு பக்கம் ஒன்றரை அடி மண் நிரப்பிச் செடி வைக்கலாமா?
- வாசகர், ஓசூர்

பதில்: ஒன்பது இஞ்ச் சுவரென்றால் வைக்கலாம், நாலரை இஞ்ச் சுவர் தாங்காது. தரைமட்டத்தை ஒட்டி 5 அடிக்கு ஒரு 2 இஞ்ச் குழாய் போட்டு, உள் வாயில் ஜல்லி கொட்டுங்கள். ஊறிய மண்ணின் நீர் வெளியேற வழி இல்லாவிட்டால் அந்தப் பாரமே சுவரைத் தள்ளும்.