2⅞ அங்குல கேசிங் (கிணற்றுச் சுவரைத் தாங்கும் எஃகுக் குழாய்) மட்டுமே உள்ள எண்ணெய்க் கிணற்றில் எண்ணெயை மேலேற்ற எந்த முறை சரி?

மின் நீர்மூழ்கி பம்பை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். 4½ அங்குல கேசிங்குக்கென்று பரவலாகக் கிடைக்கும் மெல்லிய வகையே 3.38 அங்குல விட்டம் கொண்டது. உங்கள் கிணற்றின் உள்விட்டம் சுமார் 2.44 அங்குலம்தான்.

எண்ணெய் குறைவாக ஊறும் கிணறு என்றால் ராட் பம்பைத்தான், அதாவது மேலிருந்து நீளும் ராடுகள் (கம்பிகள்) ஏறி இறங்கி இயக்கும் பம்பைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் உண்மையான தலைவலி வாயு. அகலமான கிணற்றில் எண்ணெய் ஏறும் உள்குழாய்க்கும் கேசிங்குக்கும் நடுவே அது தானாகப் பிரிந்து மேலேறிவிடும். இங்கே அதற்கு இடமில்லை, பம்புக்குள் புகுந்துவிடும். பிறகு பம்பின் பிளஞ்சர் (உள்ளே நகரும் உருளை) எத்தனை முறை ஏறி இறங்கினாலும் வாயு சுருங்கி விரியுமே தவிர, வால்வு திறக்காது. உள்ளே துளையுள்ள ராடுகளைப் போட்டால் எண்ணெய் ராடுக்குள்ளேயே ஏறும். சுற்றியுள்ள இடம் முழுவதும் வாயுவுக்குக் கிடைக்கும். பம்பின் வாயை, எண்ணெயும் வாயுவும் உள்ளே வர கேசிங்கில் துளையிட்ட பகுதிக்குக் கீழே இறக்க முடிந்தால் இன்னும் நல்லது.

உயர் அழுத்த வாயு அருகில் கிடைத்தால் கேஸ் லிஃப்ட்டையும் (வாயுவைச் செலுத்தி எண்ணெயை இலேசாக்கி மேலேற்றும் முறை) யோசிக்கலாம். வாயு மிகுந்து திரவம் கொஞ்சமாக வரும் கிணற்றுக்கு பிளஞ்சர் லிஃப்ட் போதும்; அதில் கிணற்றின் வாயு அழுத்தமே ஓர் உருளையைத் தள்ளி, அதன் மேலுள்ள திரவத்தை மேலேற்றும்.

வளைந்த கிணறா? வேகமாகப் பாயும் திரவத்தால் எண்ணெயை இழுத்து மேலேற்றும் ஜெட் பம்பில் நகரும் பாகமே கிடையாது. ஆனால் மேலிருந்து திரவத்தை உயர் அழுத்தத்தில் செலுத்த வேண்டும். ஒடுங்கிய குழாயில் உராய்வே அந்த அழுத்தத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடக்கூடும். அதை முன்கூட்டியே கணக்கிட்டுப் பாருங்கள்.