ஒரு விஞ்ஞானிக்கு விக்கிப்பீடியாவில் கட்டுரை இருக்கலாமா என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

இதற்கு அங்கே 'குறிப்பிடத்தக்கமை' என்று பெயர். அவரோடு தொடர்பில்லாத, நம்பகமானவர்கள் அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். அல்லது பெரிய விருதோ, பரவலாக மேற்கோள் காட்டப்படும் ஆய்வோ இருந்தால் போதும். விக்கிப்பீடியாவில் எழுதுவோர் தன்னார்வலர்கள், ஆய்வின் தரத்தை அவர்களே எடைபோட முடியாது, வெளியானதைத்தான் சரிபார்க்க முடியும். வரன் பார்க்கும்போது மாப்பிள்ளை வீட்டார் பேச்சோடு நிற்காமல் அக்கம்பக்கத்தில் விசாரிப்போமே, அது மாதிரி.

கனடாவின் இயற்பியலாளர் டோனா ஸ்டிரிக்லாண்டைப் பாருங்கள். 2013இல் ஒளியியல் விஞ்ஞானிகளின் அமைப்பான ஒளியியல் கழகத்துக்கே (Optical Society) தலைவராக இருந்தவர். ஆனாலும் 2018 மே மாதம், சான்று போதாதென்று அவரைப் பற்றிய வரைவைத் திருப்பிவிட்டார்கள். அக்டோபரில் இயற்பியல் நோபல்! கூடுதலாகத் தேடியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

கட்டுரை இல்லையென்றால் அவர் சாதாரண விஞ்ஞானி என்று பலர் நினைக்கிறார்கள்; அவரைப் பற்றி மற்றவர்கள் போதுமான அளவு எழுதவில்லை, அல்லது எழுதியதை யாரும் இன்னும் திரட்டவில்லை என்பதுதான் அதன் பொருள்.