மெக்கானிக்கல் படிக்கும் மகள், ரத்த ஓட்டம், ஏ.ஐ. ஏஜென்ட்: ஓர் அப்பாவுக்குப் பதில்

வணக்கம் சார். மகள் மெக்கானிக்கல் மூன்றாம் வருடம், கேம்பஸில் வேலை வாங்கும் நேரத்தில் "இதய ரத்தக்குழாயை கம்ப்யூட்டரில் மாடல் பண்ணி, ஏ.ஐ. ஏஜென்ட் வைத்து ஆராய்ச்சி செய்யப் போகிறேன்" என்று நிற்கிறாள், இது நிஜமாகவே ஒரு துறையா இல்லை யூடியூப் பார்த்து வந்த ஆசையா என்று கேட்டிருக்கிறீர்கள். துறைதான், அதில் சந்தேகமே வேண்டாம். அவள் எந்த வாசல் வழியாக உள்ளே போகிறாள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

சொந்தத்தில் யாருக்காவது ஆஞ்சியோ எடுத்திருப்பார்கள். அடைப்பு இவ்வளவு சதவீதம் என்பார்கள், ஆனால் ஸ்டென்ட் வைப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய அந்த சதவீதம் மட்டும் போதாது. அடைப்பைத் தாண்டியபின் அழுத்தம் எவ்வளவு விழுகிறது என்று மெல்லிய கம்பி ஒன்றைக் குழாய்க்குள் விட்டு அளப்பார்கள். அடைப்புக்குப் பின்னால் இருக்கும் அழுத்தம், முன்னால் இருப்பதில் 0.80 பங்கு அல்லது அதற்கும் கீழே என்றால், அந்த அடைப்பு ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். கம்பியே விடாமல், சி.டி. ஸ்கேனை வைத்துக் கணக்குப் போட்டு அதே எண்ணை எடுக்கும் முறைக்கு 2014-ல் அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்.டி.ஏ.வின் அனுமதி கிடைத்தது. அந்த முறையைக் கொண்டுவந்த ஹார்ட்ஃப்ளோ கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான சார்லஸ் டெய்லர் படித்தது மருத்துவம் இல்லை சார், மெக்கானிக்கல் பக்கம். உங்கள் மகள் இப்போது படிக்கும் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்தான் அதன் அடித்தளம்.

சரி, ஏஜென்ட், அதாவது கொடுத்த வேலையைத் தானே படிப்படியாகச் செய்து பார்க்கும் ஏ.ஐ. புரோகிராம், எங்கே வருகிறது? இந்தக் கணக்கைப் போடுவதற்குள் ஆயிரம் சில்லறை வேலை இருக்கிறது: ஸ்கேனிலிருந்து குழாயின் வடிவத்தைப் பிரித்தெடுப்பது, அதை லட்சக்கணக்கான சின்னத் துண்டுகளாக மெஷ் செய்வது, கணக்கைப் போடும் மென்பொருளான சால்வருக்கு இன்புட் ஃபைல் எழுதுவது, அது பாதியில் நின்றால் பிழைச் செய்தியைப் படித்துத் திருத்தி மறுபடி ஓட்டுவது. இந்த வேலைகளை சாட்ஜிபிடி மாதிரியான மொழி மாடல்களால் இயங்கும் ஏஜென்ட்களை வைத்து ஓட்டிப் பார்க்கிறார்கள், ஓரளவுக்கு ஓடவும் செய்கிறது. ஆனால் ஒன்றைப் பாருங்கள். ரத்தத்தின் பிசுக்குத்தன்மையை சென்டிமீட்டர்-கிராம் அலகில் 0.04 என்று எழுதுவார்கள், மீட்டர்-கிலோகிராம் அலகில் அதுவே 0.004. ஏஜென்ட் ஏதோ ஒரு கட்டுரையிலிருந்து 0.04-ஐ எடுத்து, மீட்டர் அலகில் இருக்கும் ஃபைலில் போட்டுவிட்டது என்று வையுங்கள். ரத்தம் பத்து மடங்கு கெட்டியாகிவிடும், சால்வர் ஒரு வார்த்தை சொல்லாது, சிவப்பும் நீலமுமாக அழகான படமும் வந்துவிடும். அழுத்தம் ஏன் இவ்வளவு விழுகிறது, இது மனித உடம்பில் நடக்காதே என்று அந்தப் படத்தைப் பார்த்ததும் உறுத்துகிற ஆள்தான் இந்தத் துறைக்கு வேண்டும். அந்த உறுத்தல் ஏ.ஐ. சர்டிஃபிகேட் கோர்ஸில் வராது.

ஆகவே கடைசி வருடத்தில் ஏ.ஐ. கோர்ஸுக்கு லட்ச ரூபாய் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். பைத்தான், லினக்ஸ், நியூமரிக்கல் மெத்தட்ஸ், லீனியர் அல்ஜீப்ரா, இவை கைக்கு வரட்டும். சிம்வாஸ்குலர் என்ற மென்பொருள் இலவசம், இந்த வேலைக்கென்றே உருவாக்கியது. அதில் ஒரு நோயாளியின் மாடலை ஸ்கேனிலிருந்து கடைசி வரை அவளே கையால் ஓட்டிப் பார்க்கட்டும், ஏஜென்ட் எல்லாம் அதற்கப்புறம். ஆசை நிஜமா என்று தெரிய வேண்டுமென்றால், இதயத்தசைக்கு ரத்தம் கொடுக்கும் கொரோனரி குழாயில் ஓட்டம் எப்போது அதிகம் என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள். இதயம் சுருங்கும்போது தசை அந்தக் குழாயை நெருக்கிவிடும், அதனால் இதயம் தளரும்போதுதான் அதில் அதிகம் பாயும். இதை அவளே ஆர்வமாக விளக்கினால் அவளைத் தடுக்காதீர்கள்.

பண விஷயம். கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. பிஎச்.டி. போனால் முதலில் மாதம் 37,000, வாடகைப்படி தனி. சென்னை ஐ.ஐ.டி.யில் அப்ளைட் மெக்கானிக்ஸும் பயோமெடிக்கலும் ஒரே துறையாகவே இருக்கிறது. அந்த ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் என்ஜினியரிங் எம்.டெக்.கையும் பாருங்கள். (1990-லேயே உள்நாட்டில் வடிவமைத்த செயற்கை இதய வால்வை நோயாளிக்குப் பொருத்தியது ஸ்ரீ சித்திரா, இது அமெரிக்கா போனால்தான் நடக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.) வெளிநாடுதான் என்றால் அமெரிக்காவில் நேரடி பிஎச்.டி.க்கு முயலட்டும், அங்கே பொதுவாகக் கட்டணத் தள்ளுபடியும் உதவித்தொகையும் சேர்ந்தே வரும். வீட்டை அடமானம் வைத்து எம்.எஸ். அனுப்புவதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வேலை என்று கேட்டால், "ரத்த ஓட்ட மாடலிங்" என்ற பெயரிலேயே இந்தியாவில் இருக்கும் இடங்கள் குறைவு, அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. பெங்களூரில் சீமென்ஸ் ஹெல்தினியர்ஸ், ஜிஇ ஹெல்த்கேர், பிலிப்ஸ் மாதிரியான மருத்துவக் கருவிக் கம்பெனிகள், ஹைதராபாத்தில் மெட்ரானிக் என்று சில கதவுகள் இருக்கின்றன. அதிலும் ஆராய்ச்சிப் பொறுப்பு என்றால் பெரும்பாலும் பிஎச்.டி. வேண்டும், அதாவது கையில் நல்ல சம்பளம் வர முப்பது வயதை நெருங்கிவிடும். இதற்கு நீங்களும் அவளும் மனதளவில் தயாரா என்று வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். ஆராய்ச்சி ஒத்துவரவில்லை என்றாலும் ஃப்ளூயிட் சிமுலேஷன் தெரிந்தவரை கார் கம்பெனியும் விமானக் கம்பெனியும் எடுத்துக்கொள்ளும், அந்தப் படிப்பு வீணாகாது. அதனால் கேம்பஸில் சிமுலேஷன் வேலை ஏதாவது வந்தால் வாங்கி வைத்துக்கொள்ளட்டும், கேட் தேர்வையும் எழுதட்டும், இரண்டு முடிவும் வந்தபிறகு எது என்று அவளே சொல்லட்டும்.