பட்டியலில் ஏற்றினால் கவுன்சில் தோட்டம் தப்பிவிடுமா?

கேள்வி: இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் ஊரில், பார்க்குக்குள்ளே கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) நடத்தும் தோட்டக்கலை நிலையத்தை மார்ச்சோடு மூடப் போகிறார்கள். கற்றல் குறைபாடுள்ள என் மகன் வாரம் இரண்டு நாள் அங்கே நாற்று நடுவதற்குப் போய்வருகிறான். நிலையத்தைக் காப்பாற்ற ஒரு குழு சேர்ந்திருக்கிறோம். 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று பட்டியலில் ஏற்றிவிட்டால் கவுன்சில் விற்கவே முடியாது, 1,500 பவுண்டு தந்தால் எல்லாம் எழுதித் தருகிறேன் என்கிறார் ஓர் ஆலோசகர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. படிவம் கவுன்சில் இணையதளத்திலேயே இருக்கும். இல்லாவிட்டால் கடிதமாக எழுதினாலும் போதும்.

'விற்கவே முடியாது' என்று அவர் சொன்னதும் பொய். இந்தப் பட்டியலுக்கு அடிப்படையான 2011ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டம் உங்களுக்குத் தருவது கொஞ்சம் அவகாசம், அவ்வளவுதான். பட்டியலில் உள்ள சொத்தை விற்க நினைத்தால் கவுன்சில் முதலில் அறிவிக்க வேண்டும். 6 வாரத்துக்குள் ஓர் உள்ளூர் அமைப்பு 'நாங்கள் வாங்க முயல்கிறோம்' என்று எழுதிக் கொடுத்தால், அறிவித்த நாளிலிருந்து 6 மாதம் விற்பனை நிற்கும். அதற்குப் பிறகு யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். நீங்கள் பணத்தோடு போய் நின்றாலும் உங்களுக்குத்தான் விற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இதில் ஓட்டை ஒன்று இருக்கிறது. இப்படிப்பட்ட ஆலோசகர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள், அதனால் நான் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். சொத்தை முழுதாக விற்றாலோ, 25 வருடமோ அதற்கு மேலோ லீசுக்கு விட்டாலோதான் இந்தக் காத்திருப்பு. அதுவும் உள்ளே வாடகைதாரர் யாரும் இல்லாமல் காலியாகக் கைமாறினால்தான். 24 வருட லீஸ் என்று எழுதி ஒரு தனியார் கம்பெனியிடம் கொடுத்தால் பட்டியல் வாயே திறக்காது. 10 வருட லீஸ், 15 வருட லீஸ் எல்லாம் அப்படித்தான். அதைவிட முக்கியம், மூடுவது விற்பனையே அல்ல. மார்ச் முடிந்ததும் கிரீன்ஹவுஸ் பாய்லரை அணைத்து, கேட்டுக்குப் பூட்டுப் போட்டால் எந்த விதியும் மீறப்படவில்லை. இரண்டு குளிர்காலத்தில் கூரைக் கண்ணாடி உடையும், உள்ளே முள் புதர் ஏறும். அப்புறம் 'பழுது பார்க்கக் கட்டுப்படியாகாது, விற்பதே வழி' என்று ஓர் அறிக்கை வரும். இப்படித்தான் வழக்கமாக நடக்கிறது. நூலகம் நடத்துவது கவுன்சிலின் சட்டக் கடமை. பார்க், தோட்டம் எல்லாம் அப்படியல்ல, விருப்பப்பட்டால் நடத்தலாம். 2023இல் பர்மிங்காம் கவுன்சிலே கையில் காசில்லை என்று அறிவித்த பிறகு, எல்லா ஊரிலும் கத்தி முதலில் விழுவது இங்கேதான்.

இருந்தாலும் பட்டியலுக்கு எழுதுங்கள். ஓசியில் கிடைக்கும் 6 மாதத்தை ஏன் விடுவானேன்? வாக்காளர் பட்டியலில் பெயருள்ள 21 உள்ளூர்க்காரர்கள் சேர்ந்தால் போதும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லாதவர்களை நம்மவர்களே ஒதுக்கிவிடுகிறார்கள். அது வேண்டாம். இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த் நாடுகள். முறையான விசாவோடு இங்கே வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்கள் வாக்காளராகப் பதியலாம், அதன்பின் இதில் கையெழுத்தும் போடலாம். முதலில் பதியச் சொல்லுங்கள். 8 வாரத்தில் கவுன்சில் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் 6 மாத அவகாசத்தைக் கேட்க இந்த 21 பேர் போதாது. அறக்கட்டளை, சமூக நலக் கம்பெனி என்று பதிவான ஓர் அமைப்பு வேண்டும். அதை இப்போதே தொடங்கிவிடுங்கள்.

விண்ணப்பத்தில் செடிகளைப் பற்றி எழுதி அழகு பார்க்காதீர்கள். எத்தனை வகை ஃபியூஷா, எந்த வருடத்து பனை மரம் என்பதெல்லாம் அங்கே செல்லாது. உள்ளூர் மக்களின் சமூக நலனுக்கு அந்த இடம் இப்போது பயன்படுகிறதா என்பதே சட்டத்தின் கேள்வி. உங்கள் மகனைப் போல எத்தனை பேர் எந்தெந்தக் கிழமை வருகிறார்கள், எந்தப் பள்ளிகள் பிள்ளைகளைக் கூட்டி வருகின்றன, தன்னார்வலர் பட்டியல் என்ன என்று எழுதுங்கள். சாலை ரவுண்டானாவுக்கு நாற்று வளர்க்கும் இடம் என்று மட்டும் தோன்றினால் தள்ளுபடி செய்துவிடுவார்கள்.

இனி, அந்த ஆலோசகருக்குத் தோன்றாத விஷயம். நிலத்தைக் கவுன்சில் எந்தச் சட்டத்தின் கீழ் வைத்திருக்கிறது? உங்கள் வழக்கே இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஷ்ரூஸ்பெரி என்ற ஊரில் 1926இல் வாங்கிய ஒரு விளையாட்டுத் திடலின் ஒரு பகுதியை டவுன் கவுன்சில் 2017இல் கட்டுமானக் கம்பெனிக்கு விற்றது. மக்கள் பொழுதுபோக்குக்காக வைத்திருந்த நிலம் அது. அப்படிப்பட்ட நிலத்தை விற்குமுன் உள்ளூர்ப் பத்திரிகையில் தொடர்ந்து இரண்டு வாரம் விளம்பரம் செய்து, ஆட்சேபனைகளைக் கேட்க வேண்டும். செய்யவில்லை. உள்ளூர்க்காரர் ஒருவர் விடாமல் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2023 மார்ச்சில் வீடு கட்டக் கொடுத்த அனுமதி ரத்தானது. நிலம் கைமாறிய பிறகும் மக்களின் உரிமை அதில் அப்படியே இருந்தது என்றது தீர்ப்பு.

உங்கள் நிலையம் பார்க்குக்குள்ளே இருக்கிறது, அதனால் இது உங்களுக்கும் பொருந்தலாம். நிலப் பதிவேட்டு நகலை அரசின் லேண்ட் ரெஜிஸ்ட்ரி தளத்தில் 7 பவுண்டுக்கு எடுங்கள். தேடலில் மேலே வரும் தனியார் தளங்கள் அதே தாளுக்குப் பல மடங்கு கறக்கும், முகவரியைப் பார்த்துப் பணம் கட்டுங்கள். கூடவே தகவல் சுதந்திரச் சட்டப்படி கவுன்சிலுக்கு ஒரு மின்னஞ்சல்: இந்த நிலம் எந்த வருடம், எந்தச் சட்டத்தின் கீழ் வாங்கப்பட்டது, வாங்கிய பத்திரத்தின் நகலும் அன்றைய கமிட்டிக் குறிப்பும் தருக. 20 வேலை நாளில் பதில் வர வேண்டும். 'பழைய கோப்பு கிடைக்கவில்லை' என்பார்கள். தன் நிலத்துப் பத்திரத்தையே தேடத் தெரியாத அலுவலகம் அதை விற்க மட்டும் இவ்வளவு அவசரப்படுவது எனக்கு இன்றுவரை புரியவில்லை. மறுபரிசீலனை கேளுங்கள், ஊர் ஆவணக் காப்பகத்திலும் போய்ப் பாருங்கள்.

மூடும் தீர்மானம் ஏற்கெனவே நிறைவேறியிருந்தால் நாட்களை எண்ணுங்கள். நீதிமன்றத்தில் எதிர்க்க அதிகபட்சம் 3 மாதம், அதிலும் தாமதிக்காமல் போக வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன பாதிப்பு என்று 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி கவுன்சில் யோசித்ததா என்பதையும் சொலிசிட்டரிடம் கேளுங்கள். உங்களுக்குச் செலவு செய்ய வேண்டிய இடம் இது. மகனின் பராமரிப்புத் திட்டத்தில் அந்த இரண்டு நாள் எழுதப்பட்டிருந்தால் அந்தத் தாளையும் கொண்டு போங்கள்.

கடைசியாக, கவுன்சில் திடீரென்று இறங்கிவந்து 'வருடம் ஒரு பவுண்டு வாடகை, நீங்களே நடத்துங்கள்' என்று சொல்லக்கூடும். கைதட்டி வாங்கிவிடாதீர்கள். முழுப் பராமரிப்பும் வாடகைதாரர் பொறுப்பு என்று லீசில் ஒரு வரி இருக்கும். பழைய பாய்லர், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, உடைந்த கண்ணாடி எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். ஒரு சர்வேயரைக் கூட்டிப் போய்க் கூரையில் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று வருட எரிவாயு பில்லைக் கேட்டு வாங்குங்கள். பில்லைத் தர மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.