பெட்டி வந்தாச்சா?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

உங்கள் பக்கத்தைக் கொஞ்ச நாளாக வாசித்து வருகிறேன். எனக்கும் சொந்த ஊர் ஆலங்குளம் பக்கம்தான், வேலைக்காகக் கோவைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டேன். போன மாதம் கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தேன். நாங்கள் படம் பார்த்த தியேட்டர் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. மனசு கேட்கவில்லை. சாதி, ஏழை, பணக்காரன் எதுவும் பார்க்காமல் எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்த இடம் அல்லவா அது? இன்றைக்குப் பிள்ளைகள் ஆளுக்கொரு செல்போனில் படம் பார்க்கிறார்கள். நமக்குக் கிடைத்தது இவர்களுக்கு இல்லையே என்று தோன்றுகிறது. நீங்கள் ஏன் அதைப் பற்றி எழுதுவதே இல்லை? அப்புறம் ஒரு சின்னக் கேள்வி. பியூஸ் போன பல்பில் தண்ணீர் ஊற்றி வீட்டுக்குள் படம் காட்டுவோமே, அதை மகனுக்குச் செய்துகாட்டப் பார்த்தேன், வரவில்லை. பழைய பிலிம் துண்டுகூட ஒன்று பத்திரமாக இருக்கிறது. செய்முறை ஞாபகம் இருந்தால் எழுதுங்கள்.

மு., கோவை

அன்புள்ள தம்பி,

எழுதாததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. நம்ம ஊர்க்காரர் ரெண்டு பேர் சேர்ந்தால் திருநெல்வேலித் தியேட்டர்களில் ரத்னாவா பார்வதியா, ராயலில் என்ன ஓடியது, பூர்ணகலாவில் முதல் நாள் யார் சட்டை கிழிந்தது என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதில் நான் புதிதாகச் சேர்க்க என்ன இருக்கிறது? தவிர, டவுன் தியேட்டர்களெல்லாம் எனக்குக் காலேஜ் வயசில் வாய்த்தவை. அதற்கு முன்னால் இருந்தது தென்காசி ரோட்டில் ஊர் எல்லையைத் தாண்டி ஓலைக் கூரை போட்ட ஒரு டூரிங் டாக்கீஸ்தான்.

சரி, அந்த 'ஒன்றாக உட்கார வைத்த இடம்' விஷயத்துக்கு வருகிறேன். இலங்கைத் தமிழறிஞர் பேராசிரியர் கா. சிவத்தம்பி இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்த முதல் கலையரங்கு சினிமா கொட்டகைதான், அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, காசு என்பது அவர் கருத்து. பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே கூரை வேறு, ஒன்றாக உட்காருவது வேறு. தரை, பெஞ்சு, சேர் என்று தனித்தனித் தடுப்பு, பொம்பளைகளுக்கு நடுவில் ஒரு தட்டி. காசு கொடுத்தால் யாரும் எங்கும் உட்காரலாம் என்பது டிக்கெட்டில் இருந்த நியாயம். எங்கள் ஊரில் கையில் காசு இருந்தும் சேர் டிக்கெட் எடுக்காமல் தரையிலேயே உட்கார்ந்தவர்கள் உண்டு. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, ஊருக்கே தெரியும்.

இன்னொன்று, ஓலைக் கூரை. மணலைக் குவித்து உட்கார்ந்த சுகத்தை எல்லாரும் எழுதுகிறார்கள், அந்தக் கூரையை யாரும் எழுதுவதில்லை. 1979ல் தூத்துக்குடியில், அன்றைக்கு அதுவும் நம்ம திருநெல்வேலி ஜில்லாதான், டூரிங் டாக்கீஸ் தீப்பிடித்துப் பெண்களும் குழந்தைகளுமாக எத்தனை உயிர் போனது! அதற்கப்புறம் ரொம்ப நாள் எங்கள் அம்மா படத்துக்கு விட்டதே இல்லை, விட்டாலும் 'வாசப் பக்கமா இருல' என்று சொல்லித்தான் அனுப்புவாள்.

அப்படியானால் அந்தக் கொட்டகையில் என்னதான் இருந்தது என்றால், என் கணக்கில் ஒன்றுதான்: படம் அங்கே தாமதமாக வந்தது. ஒரு படத்துக்குப் போடும் பிரிண்டுகள் கொஞ்சம், ஒவ்வொன்றுக்கும் ஏகப்பட்ட செலவு. அதனால் முதலில் மெட்ராஸ், மதுரை, திருநெல்வேலி மாதிரி ஊர்களில் ஓடி ஓய்ந்து, பிறகு தென்காசி, அம்பாசமுத்திரம் என்று இறங்கி, கடைசியில் கோடு கோடாகக் கீறல் விழுந்து மழை பெய்துகொண்டே எங்கள் ஊருக்கு வரும். மாதக்கணக்கில் ஆகும். வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் எங்களுக்கு வேலையே 'பெட்டி வந்தாச்சா' என்று கேட்பதுதான். படச்சுருள் வைத்த தகரப் பெட்டி பஸ் கூரையிலிருந்து இறங்கினால்தான் போஸ்டரை நம்புவோம்.

படம் வருவதற்கு முன்னால் கதை வந்துவிடும். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பீடித் தட்டு. பக்கத்து வீட்டு மதினி ஒருத்தி, திருநெல்வேலி ஜங்ஷனில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற சாக்கில் புதுப் படம் பார்த்துவிட்டு வருவாள். மறுநாள் சாயங்காலம் திண்ணையில் அத்தனை பேரும் மடியில் தட்டோடு கூடிவிடுவார்கள். மதினி இலையை வெட்டிக்கொண்டே, தூளை வைத்துச் சுருட்டிக்கொண்டே கதை சொல்லுவாள், ஒரு பாட்டு விடாமல் பாடியும் காட்டுவாள். 'அந்தப் பிள்ளை அழுகா, அழுகா, அப்படி அழுகா... ஏட்டி, தூளைச் சிந்தாத!' என்று ஒரே மூச்சில் வரும். வில்லன் வந்தால் மட்டும் கத்தரி நின்றுவிடும். கடைசிக் காட்சியைச் சொல்லமாட்டாள், 'நம்மூருக்கு வரும்லா, போய்ப் பாருங்க' என்று தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

பீடிக் கம்பெனிச் சம்பளம் சனிக்கிழமை. அதனால் சனிக்கிழமை முதல் ஆட்டத்துக்கு தட்டிக்கு அந்தப் பக்கம் நிரம்பி வழியும். கதை தெரிந்த கூட்டம் என்பதால் யாரும் அடுத்து என்ன என்று பதறவில்லை, 'இன்னா இப்ப வரும் பாரு' என்று சத்தமாகவே பேசிக்கொண்டு பார்ப்பார்கள். ஒரே மிஷின், ரீல் மாற்ற மூன்று இடைவேளை, ஒவ்வொன்றிலும் மதினி சொன்ன கதைக்கும் திரையில் ஓடியதற்கும் பஞ்சாயத்து நடக்கும். அவள் சொன்ன காட்சி ஒன்றிரண்டு படத்திலேயே இருக்காது. ரீல் அறுந்து ஒட்டியதில் போனதா, மதினியே சேர்த்ததா, இன்றுவரைக்கும் தீராத சந்தேகம். என்னைக் கேட்டால் சேர்த்ததுதான், அவை படத்தைவிட நன்றாக இருந்தன.

இந்தத் தாமதம் போனதும் கொட்டகைக்குப் பிழைப்பு போய்விட்டது. உயர உயரமாக ஆண்டெனா நட்டு இலங்கை டிவியான ரூபவாஹினியைப் பிடித்தோம், பிறகு தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமைப் படம், வாடகை வீடியோ டெக், கேபிள் டிவி. இதையெல்லாம் சமாளித்து நின்ற ஒன்றிரண்டு சின்ன ஊர்த் தியேட்டர்களுக்கும் 2005க்குப் பிறகு க்யூப், யூ.எஃப்.ஓ என்று பிலிம் இல்லாமல் படம் ஓட்டும் டிஜிட்டல் முறை வந்தது. பெட்டியே வேண்டாம், சென்னையில் விழுகிற வெள்ளிக்கிழமையே ஆலங்குளத்திலும் படம் விழலாம் என்றானது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லா ஊரிலும் ஒரே நாளில் வந்து பத்து நாளில் போய்விடும் படத்துக்கு, கடைசியாக வாங்கி ஓட்டும் தியேட்டர் எதற்கு? மண்டபம் கட்டியவரைக் குறை சொல்லி என்ன செய்ய, அவருக்காவது முகூர்த்த நாளில் கூட்டம் வருகிறது.

பிள்ளைகள் பாவம் என்கிறீர்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரிய நடிகர் படத்துக்கு வெறும் டிரெய்லர் போட்டாலே திருநெல்வேலி ராம் தியேட்டர் என்ன ஆகிறது என்று வீடியோவில் பார்த்திருப்பீர்கள். நாங்களெல்லாம் முழுப் படத்துக்கே அவ்வளவு ஆடியதில்லை. அவர்களுக்கு மதினி இல்லை, அவ்வளவுதான். அவளுடைய பேத்தி இப்போது படத்தைப் பார்த்துவிட்டு வாட்ஸப்பில் குரல் பதிவு போடுகிறாள், கடைசிக் காட்சியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறாள், அது ஒன்றுதான் குறை.

பல்பு விஷயம். எல்.இ.டி. பல்பில் வராது, நீங்கள் அதை வைத்து மல்லுக்கட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உள்ளே கம்பி தெரிகிற பழைய குண்டு பல்பு வேண்டும், பால் வெள்ளைக் கண்ணாடியாக இருக்கக் கூடாது. அடியில் இருக்கும் கறுப்புக் கண்ணாடியை ஆணியால் மெல்லத் தட்டி உடைத்து, உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டுக் கழுவித் தண்ணீரை நிறைக்க நிரப்புங்கள். கை பத்திரம், மகனிடம் கொடுக்காதீர்கள். அறையை நன்றாக இருட்டாக்கி, ஜன்னலில் ஒரு ஓட்டை மட்டும் விடுங்கள். அதன் வழியாக வரும் வெயிலில் பிலிமைத் தலைகீழாகப் பிடித்து, அதற்கு முன்னால் ரெண்டு விரற்கடை தள்ளி பல்பு, எதிரே வெள்ளை வேட்டி. பல்பை முன்னும் பின்னும் மெல்ல நகர்த்தினால் ஓரிடத்தில் முகம் கூடி வரும். வெயிலை ஓட்டைக்குள் திருப்ப வெளியே கண்ணாடியோடு ஒரு ஆள் நிற்க வேண்டும், சூரியன் நகர நகர அவரும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அவருக்குப் படம் தெரியாது. அந்த வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி